ஒரே விதை, மூன்று தேதி

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது, பாடாலூர் தாண்டியதும் மக்காச்சோளக் காடுகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. சிறுவாச்சூர் நிறுத்தத்தில் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் இறங்கியது. கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் அன்று பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கூட்டம் இறங்கிய பிறகு ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து பெரம்பலூர் வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு காட்டில் பயிர் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கிறது, அடுத்ததில் தலையளவு வளர்ந்து கரும்பச்சையாக இருக்கிறது, அதற்கடுத்ததில் முழங்கால் உயரம்கூட இல்லை. எல்லாம் மக்காச்சோளம். எல்லாம் ஒரே மழையை நம்பி விதைத்தவை.

இதைப் பார்க்கத்தான் மார்கழி முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். விதைத்த தேதி மாறினால் பயிர் எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி நிலையங்களில் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு விதைப்பு என்று போட்டுப் பார்ப்பார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் அந்தச் சோதனை ஆண்டுதோறும் யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. ஆவணிக் கடைசியில் விதைத்தவர், புரட்டாசிக் கடைசியில் விதைத்தவர், ஐப்பசி மழையில் விதை அழுகிப்போய்க் கார்த்திகையில் மறுபடி விதைத்தவர் என்று மூவரின் காடும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொண்டு கிடக்கும்.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்வரிசையில் இருப்பது பெரம்பலூர். சின்ன வெங்காயமும் பருத்தியும் இங்கே உண்டு என்றாலும், கரிசல் மானாவாரியில் கைக்கு நாலு காசு தரும் பயிர் என்று எவரைக் கேட்டாலும் மக்காச்சோளத்தைத்தான் சொல்கிறார்கள். தை பிறந்ததும் நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்கு லாரிகள் வரிசை கட்டும். அந்தத் தீவனத்தின் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி இந்தக் காடுகளுக்குப் பொருந்தாது. ஆடியில் விதைத்தால் கதிர் முற்றும் நேரம் ஐப்பசி அடைமழையில் போய் விழும். கதிர் செடியிலேயே பூசணம் பிடிக்கும், மணி முளைவிடும், அறுத்ததைக் காயவைக்க வெயில் இருக்காது. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் நச்சு சேரும் என்பதால் தீவன ஆலை அதைத் தொடாது. அதனால் இங்கே மானாவாரி மக்காச்சோளத்துக்குப் புரட்டாசிப் பட்டம் என்று பெயர். ஆனால் புரட்டாசி என்றால் அதில் எந்த வாரம்? முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

குன்னம் பக்கம் ஒரு கிராமத்தில் இறங்கி நடந்தேன். முதல் காட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நிரை பிடித்துக் கதிர் ஒடித்துப் போட, பெரியவர் ஒருவர் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆவணி கடைசில ஒரு சாயங்காலம் இடியோட நல்ல மழை தம்பி. ரெண்டு உழவு மழை அளவுக்கு எறங்கிருச்சு. மூணாம் நாளே வெதச்சுட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாம், இன்னும் மழைக்காலமே வரலியே, என்ன அவசரம்னு கேட்டாங்க."

குவியலிலிருந்து ஒரு கதிரை எடுத்துத் தோகையை உரித்துக் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 14 வரிசை. மக்காச்சோளக் கதிரில் வரிசை எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும். நுனிவரை மணி பிடித்திருந்தது. விரலால் தடவினால் ஓர் இடத்திலும் பள்ளம் இல்லை.

ஒரு கதிரை இப்படிக் கையில் வைத்துக்கொண்டால் அந்தச் செடி பட்ட பாட்டை வாசித்துவிடலாம். கதிரைச் சுற்றி எத்தனை வரிசை என்பது, செடி முழங்கால் உயரம்கூட எட்டாத நாட்களிலேயே, முளைத்த ஒரு மாதத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. ஒரு வரிசையில் எத்தனை மணி என்பது அதற்குப் பின், பூ வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்புவரை முடிவாகிறது. அவற்றில் எத்தனை மணி உண்மையில் கெட்டிப்படும் என்பது பூத்த பிறகான மூன்று வாரங்களின் கையில் இருக்கிறது. இந்த மூன்று கட்டமும் எந்த வானிலையில் போய் விழும் என்று முடிவு செய்வது விதைத்த தேதிதான். வேறு எதுவும் இல்லை. உரத்தைப் பிறகு போடலாம், களையைப் பிறகு எடுக்கலாம், தேதியைப் பிறகு மாற்ற முடியாது.

பெரியவரின் காட்டில் நடந்தது இதுதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித்தான் தொடங்கும். அப்போது அவர் பயிருக்கு வயது ஒரு மாதத்துக்கு மேல். மக்காச்சோளத்தின் வளரும் நுனி, செடி ஆறு இலை விடும்வரை, கிட்டத்தட்ட மூன்று வாரம், மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நாட்களில் கரிசலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் நுனிக்கும் வேருக்கும் காற்று கிடைக்காமல் செடி மூச்சுமுட்டிச் சாகும். சாகாமல் தப்பினாலும் மஞ்சளித்துப் போகும். போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், இன்னொரு பகுதி காற்றில் கலந்துவிடும். ஒரு மாதப் பயிருக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வேர் ஆழம் போயிருக்கும், நுனி தரைக்கு மேலே வந்திருக்கும். அடைமழை அவருக்குப் பாசனமாக வந்தது. பூ வந்த நேரம் மண் ஈரம், வானம் மூடாக்கு, வெயில் மிதம். கெட்டிப்படும் நேரத்தில் மழை ஓய்ந்தது.

ஆனால் முன்கூட்டி விதைத்தால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலாக நனைத்துவிட்டுப் போகும் மழையை நம்பி ஆவணி நடுவில் விதைத்தவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். விதை முளைத்தது, பத்து நாள் வெயில் கொளுத்தியது, முளைத்ததில் பாதி கருகியது. மண் ஒரு சாண் ஆழம் நனைந்திருக்க வேண்டும். கடப்பாரையோ குச்சியோ குத்திப் பார்த்துவிட்டு விதைக்கிற வழக்கம் இங்கே மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. நாள்காட்டியும் குச்சியும் சேர்ந்து சரி என்று சொல்ல வேண்டும்.

வரப்பைத் தாண்டினால் அடுத்த காடு. புரட்டாசி கடைசி வாரத்தில் விதைத்தது, அதே விதை நிறுவனத்தின் அதே ரகம். அறுபது நாளைத் தாண்டியிருந்தது. காட்டுக்காரர் ஓர் அக்கா. மழை தொடங்கியபோது பயிருக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றார். மேட்டுப் பகுதி தப்பியது, பள்ளத்துப் பகுதி பத்து நாள் மஞ்சளாகக் கிடந்து, யூரியா போட்ட பிறகு மெல்ல எழுந்தது. இரண்டுக்கும் நடுவே நின்று பார்த்தால் பயிர் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்குவது தெரிந்தது.

அவரிடம் கேட்டுப் பள்ளத்திலிருந்து ஓர் இளங்கதிரை ஒடித்தேன். தோகையைக் கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் பட்டிழைகள் அறுந்துபோகாமல் மெதுவாக ஒவ்வோர் அடுக்காக உரிக்க வேண்டும். ஒவ்வோர் இழையும் ஒரு மணியிலிருந்து கிளம்புகிறது. ஒரு கதிருக்குச் சில நூறு இழைகள். செடியின் தலையிலுள்ள ஆண் பூங்கொண்டையிலிருந்து ஒரு மகரந்தத் துகள் வந்து அந்த இழையின் நுனியில் ஒட்டி, இழை நெடுக இறங்கி மணியைச் சேர்ந்தால் அந்த இழை இரண்டு மூன்று நாளில் தானே கழன்றுகொள்ளும். சேராவிட்டால் கழலாது. உரித்த கதிரை அடிப்பக்கம் பிடித்துக்கொண்டு உதறினேன். அடியிலும் நடுவிலும் இருந்த இழைகள் கொத்தாக உதிர்ந்தன. நுனியில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு இழைகள் பச்சையாக ஒட்டிக்கொண்டே நின்றன.

"அப்போ இதுல மணி வராதா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

வராது. அந்த இரண்டு விரற்கடை வெறும் கட்டையாகத்தான் காயும். கதிரின் அடியிலிருந்துதான் இழைகள் முதலில் வெளிவருகின்றன, நுனியின் இழைகள் கடைசியில் வருகின்றன. செடி நலமாக இருந்தால் கொண்டை மகரந்தம் உதிர்க்கும் ஒரு வாரத்துக்குள் எல்லா இழைகளும் தோகைக்கு வெளியே தலைகாட்டிவிடும். வறட்சியிலோ சத்துக் குறைவிலோ வாடிய செடியில் கொண்டை தன் நாளில் பூத்துவிடும், இழைகள்தான் பின்தங்கும். அவை வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். மேட்டிலிருந்து ஒடித்த கதிரில் நுனியில் ஓர் அரை விரற்கடைதான் பச்சை. ஒரே காட்டில், ஒரே நாள் விதைத்ததில் இந்த வித்தியாசம். மூன்று வாரம் முன்னால் விதைத்திருந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகவே எழுந்திருக்கும்.

தேதிக்கும் வெயிலுக்கும் இன்னொரு கணக்கு உண்டு. மக்காச்சோளம் நாட்களை எண்ணி வளர்வதில்லை, வெப்பத்தைச் சேர்த்துச் சேர்த்து வளர்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10 டிகிரி செல்சியஸைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அன்றைக்குப் பயிரின் வரவு. சராசரி 29 டிகிரி இருக்கும் செப்டம்பரில் ஒரு நாளுக்கு 19 அலகு, 25 டிகிரி இருக்கும் நாளில் 15 அலகு. ஆகவே பின்னால் விதைத்த பயிர் பூக்க ஒரு வாரம்வரை கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. இது தன்னளவில் கெடுதல் இல்லை. பீகாரின் பூர்ணியா, கதிஹார் பக்கம் மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பரில் விதைத்து, குளிர் முழுக்க நின்று, கோடையில் அறுக்கும் மக்காச்சோளம், அதே மாநிலத்தின் மழைக்கால மக்காச்சோளத்தைவிடக் கூடுதலாக விளைகிறது. இலை அதிக நாள் பச்சையாக நின்று அதிக நாள் வெயிலை உண்பதே காரணம். அங்கே பாசனம் இருக்கிறது. பெரம்பலூர் மானாவாரியில் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் மண்ணிலிருந்து ஈரம் கணக்கு கேட்கும். தைப்பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தோடு விதைப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. ஜனவரியில் விதைத்தால் மார்ச்சில் பூக்கும், தப்பிக்கலாம். பிப்ரவரி பாதி தாண்டினால் பூ ஏப்ரலில் போய் விழும். 35 டிகிரிக்கு மேலே ஏறும் வறண்ட வெயிலில் மகரந்தம் உயிரோடிருக்கும் நேரம் சுருங்கும், இழைகள் காயும். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் காற்றின் சூட்டைக் குறைக்க முடியாது.

மதியம் சாத்தனூர் கல்மரத்தைப் போய்ப் பார்த்தேன். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன மரம் அது. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் விழுந்து, சேற்றில் புதைந்து, கல்லாகி 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடலின் களிமண்ணும் சுண்ணாம்பும்தான் இன்றைய கரிசலுக்கு அடியில் இருக்கின்றன. நனைந்தால் ஊதி, காய்ந்தால் பிளக்கிற இந்த மண் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைக்கும். ஆனால் அடைமழை தொடங்கிவிட்டால் பத்து, பதினைந்து நாள் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. டிராக்டர் இறங்கினால் புதையும். இங்கே விதைப்புக்குக் கதவு திறந்திருக்கும் காலம் குறுகியது என்று நான் சொல்வதற்கு இந்த மண்தான் காரணம்.

மூன்றாவது காட்டுக்கு மறுநாள் விடியற்காலையில் போனேன். பனி இருக்கும்போதே போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஐப்பசியில் விதைத்தது தண்ணீரில் போய், கார்த்திகை முதல் வாரத்தில் மறுபடி விதைத்த காடு. ஒரு மாதப் பயிர். பத்து அடி நடப்பதற்குள் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. அங்கங்கே சில செடிகள் மட்டும் வெளிறிய மஞ்சள் கோடுகளோடு, இலை குறுகி, விறைத்து மேல்நோக்கி நின்றன. ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெண்மையாக மெல்லிய பூசணப் படலம். அடிச்சாம்பல் நோய். பொழுது ஏறினால் அந்த வெண்மை உலர்ந்து மறைந்துவிடும், அதனால்தான் மதியம் வந்து பார்ப்பவர்கள் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறார்கள்.

இந்தப் பூசணம் பகலில் வேலை செய்வதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு, இலை பனியில் நனைந்து, குளிர் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் நேரத்தில் வித்துகளைக் காற்றில் விடுகிறது. முளைத்த முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் அந்த வித்து இளஞ்செடியைத் தொட்டால் நோய் செடி முழுக்கப் பரவும். கொண்டை இலையாக மாறிப்போகும், கதிர் பிடிக்காது. வயது கடந்த செடியை அதே பூசணம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆவணியில் விதைத்த பெரியவரின் பயிர் தன் குழந்தைப் பருவத்தை வெதுவெதுப்பான இரவுகளில் கழித்துவிட்டது. இந்தக் காட்டுப் பயிரின் குழந்தைப் பருவம் முழுக்கக் கார்த்திகை, மார்கழிப் பனியில் போயிற்று. விதை உறையில் நோயைத் தாங்கும் ரகம் என்று அச்சிட்டிருப்பது இரண்டு காட்டுக்கும் பொது. தாங்கும் திறன் செடிக்குள் இருப்பது உண்மைதான், மெட்டலாக்சில் மருந்தில் விதை நேர்த்தி செய்தால் மேலும் பலன் உண்டு. ஆனாலும் பூசணமும் இளஞ்செடியும் சந்திக்கின்றனவா என்பது ரகத்தின் கையில் இல்லை.

குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போன்ற கழிவு. உள்ளே படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டுப் புரட்டாசி விதைப்பில் பெரம்பலூர் பட்ட அடியை இங்கே யாரும் மறக்கவில்லை. முட்டையிலிருந்து அந்துப்பூச்சிவரை அதன் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். தாய்ப்பூச்சி ஒன்று ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். அதற்குப் பிடித்த இடம் இளம் பயிரின் குருத்து. இப்போது அந்த வரப்பில் நின்று மூன்று காட்டையும் திரும்பிப் பாருங்கள். ஒரு மாத இடைவெளியில் மூன்று விதைப்பு. முதல் காட்டில் பிழைத்த சில புழுக்கள் அந்துப்பூச்சியாக எழும் நேரத்தில் இரண்டாவது காடு குருத்து விரித்து நிற்கிறது, அவற்றின் பிள்ளைகள் எழும் நேரத்தில் மூன்றாவது காடு. ஒவ்வொரு தலைமுறைக்கும் நாமே பந்தி விரித்து வைத்திருக்கிறோம். மூன்றாவது காட்டுக்காரர் எத்தனை முறை மருந்தடித்தாலும் அவர் எதிர்ப்பது இரண்டு காட்டில் பெருகி வந்த கூட்டத்தை.

அவருக்கு இன்னும் இருக்கிறது. அந்தப் பயிர் தை பிறந்த பிறகு பூக்கும், மாசியில் மணி கெட்டிப்படும். மழை நின்று வெகுநாள் ஆகியிருக்கும். ஈரம் வற்றிய சூடான மண்ணில், பூத்த பிறகு தாக்கும் தண்டழுகல் காத்திருக்கிறது. தண்டைப் பிளந்தால் உள்ளே நார்நாராகி, கறுத்த பொடிப் புள்ளிகள் அப்பியிருக்கும். காற்றடித்தால் கதிரோடு சாயும்.

இந்தக் காட்டுக்காரர் சோம்பேறி இல்லை. பருத்தியை முதலில் ஊன்றினார், அதில்தான் கையிருப்பு போயிற்று. விதைக்கும் உரத்துக்கும் நகையை வைத்துப் பணம் புரட்டப் பத்து நாள் ஆயிற்று. பணம் வந்தபோது ஊரில் இருந்த டிராக்டர்கள் எல்லாம் வேறு காட்டில். "நாள் தெரியாம இல்ல அண்ணே, நாள் எனக்கு வாய்க்கல" என்றார். விதைப்புத் தேதியைப் பற்றிப் பேசும் பயிற்சி வகுப்புகள் இந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டும். கடனும் வாடகை டிராக்டரும் ஆவணியில் கைக்கு வராத வரை, சரியான தேதியை அறிவது மட்டும் யாருக்கும் உதவாது. திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கோவையிலிருந்து நல்ல ஒட்டு ரகங்களும் வருகின்றன. அந்த உழைப்பெல்லாம் பலன் தருவதும் தராததும் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பட்டுவாடா எந்த வாரத்தில் நடக்கிறது என்பதில் போய் முடிகிறது.

படைப்புழுவும் அடிச்சாம்பலும் வரப்பு பார்த்து நிற்பவை அல்ல. ஆகவே தேதி என்பது தனித்தனிக் காட்டுக்காரரின் விஷயமாக இருக்க முடியாது. ஓர் ஊரின் மக்காச்சோளம் முழுவதும் பத்து, பதினைந்து நாளுக்குள் மண்ணில் விழுந்துவிட்டால், புழுவின் இரண்டாம் தலைமுறைக்கு இளங்குருத்து கிடைக்காது, பூசணத்துக்குப் பனிக்காலத்தில் இளஞ்செடி கிடைக்காது. வேளாண் துறையும் ஒரே நேரத்தில் விதையுங்கள் என்றுதான் சொல்லிவருகிறது. அதை ஊர் கூடிப் பேசினால்தான் செய்ய முடியும். அதற்கு ஒரு நாளும் இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. ஆவணி பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு. பெரம்பலூர், அரியலூர்க் கரிசல் காட்டுக்காரர்களே, அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: நம் ஊர் எந்த வாரம் விதைக்கும், அந்த வாரத்துக்குள் டிராக்டர் எத்தனை வரும், பயிர்க்கடன் எந்தத் தேதிக்குள் கிடைக்கும். மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.